அத்தை ஊருக்குப் போயிருந்த ஐந்து வருஷம்

பச்சையும் மஞ்சளுமாகப் பூ ஓடு பதித்த அந்த வீட்டுப் படிக்கட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மலாய்க் கிராமத்தைக் கம்பம் என்போம்; மலாக்கா கம்பத்து வீடுகளுக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும். வீடு பலகையாக இருந்தாலும் படிக்கட்டை மட்டும் சிமெண்டில் கட்டி, ஓடு பதித்து, நாளுக்கு இரண்டு தரம் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயல் வரப்பில் நடந்து களைத்து வந்த எங்களை அந்த வீட்டம்மா தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டார். வாசலில் இருந்த ஜாடித் தண்ணீரில் சேற்றுக் கால்களைக் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராக ஏறினோம். எனக்கு முன்னால் அத்தை ஏறினார். அவருடைய இடது கால் பட்ட படியில் எல்லாம் ரத்தம் பதிந்திருந்தது. "அத்தை, கால்ல ரத்தம்!" என்று நான் அலறியதும் அத்தை நின்று, குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். அவ்வளவுதான்.

எங்களோடு வந்த நர்ஸம்மா மிஸ்ஸி, அத்தையைப் படியிலேயே உட்காரவைத்துக் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். உள்ளங்காலில் உடைந்த போத்தல் துண்டு ஒன்று நன்றாக இறங்கியிருந்தது. வயலுக்குள் எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். அதோடு அத்தை ஒரு மைலாவது நடந்திருக்கிறார். மிஸ்ஸி அதைப் பிடுங்கியபோதும் அத்தையின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மிஸ்ஸி மருந்து வைத்துக் கட்டுவதற்கு முன்னால் பாதத்தில் இங்கே ஒரு இடம், அங்கே ஒரு இடம் என்று நகத்தால் அழுத்தி, மலாயில் ஏதோ மெதுவாகக் கேட்டார். அத்தை எதிரே இருந்த ரம்புத்தான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானோ மற்றவர்களிடம் திரும்பி, "எங்க அத்தைக்கு வலியெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நெஞ்சுரம்னா அப்படி ஒரு நெஞ்சுரம்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற ஐம்பத்தேழாம் வருஷத்தின் கடைசி மாதங்கள் அவை. சுதந்திரம் வந்துவிட்டது, கொடி ஏறிவிட்டது. ஆனால் இந்தியாவில் பிறந்து இங்கே வந்தவர்கள் பிரஜா உரிமை கேட்டு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தால்தான் இந்நாட்டவர் ஆகமுடியும் என்று சட்டம். தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேருக்கு அந்தச் சேதியே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தவர்களுக்கும் பாரத்தை எழுதத் தெரியாது. அதனால் எங்கள் வீடு இருந்த காஜா பெராங்கிலிருந்து நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிறுதோறும் நடந்தே போய், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் உட்கார்ந்து பாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இங்கிலீஷும் மலாயும் எழுத வரும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்பதால் எனக்குப் பாரம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதித் தருகிறவளுக்கும் எழுதிக் கேட்கிறவர்களுக்கும் நடுவே இருந்த அந்தத் தூரம் எனக்கு உள்ளூர இனித்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்களை நடத்திக்கொண்டு போனவர் மிஸ்ஸி. பல தலைமுறைக்கு முன்னே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட மலாக்காச் செட்டிகளின் கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவர், பிரசவம் பார்க்கும் நர்ஸ்; நர்ஸ்களை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சாரோங், மேலே கெபாயா, கையில் கறுப்புக் குடை. அவர்கள் குடும்பத்துக் கோயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. கார்த்திகைக்கு எங்களுக்கு முன்னால் அவர் வீட்டில் விளக்கு எரியும். ஆனால் தமிழ் பேச வராது. பேச்செல்லாம் செட்டிகளின் மலாய். இடையிடையே 'அக்கா', 'மாமா', 'சாமி' என்று நம் வார்த்தைகள் தலைகாட்டும். இருட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வரப்பு எந்தக் கம்பத்துக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி அவர் கையில் விழுந்தவை. பாச்சாங் தாண்டி, நெல்வயல்களைக் குறுக்காக வெட்டி, இரண்டு மூன்று மலாய்க் கம்பங்கள் வழியாக பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப்பக்கம் போய், அதற்கப்பால் இருந்த கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டங்களுக்குள் நுழைவோம். போகிற வழியெல்லாம் ஆட்கள் வாசலில் நின்று, "மிஸ்ஸி, எங்கே இவ்வளவு படையோடு?" என்று மலாயில் விசாரிப்பார்கள்.

அத்தை அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது எனக்காக. கல்யாணம் ஆகாத பெண் தனியாகத் தோட்டம் தோட்டமாக அலையக்கூடாது என்று அப்பா சொல்லப் போக, "நான் போறேண்ணே அவகூட" என்று அத்தை கிளம்பிவிட்டார். அப்பாவின் ஒரே தங்கை. இரண்டு வயதுக் குழந்தையாகக் கப்பலில் வந்தவர். கல்யாணம் ஆகி இரண்டே வருஷத்தில் அவர் கணவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், ஆள் திரும்பவில்லை. பிள்ளைகுட்டி இல்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைக் குளிப்பாட்டியது, தலைவாரியது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது எல்லாம் அத்தைதான். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது ஒருநாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால் அத்தை இல்லை. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார் அப்பா. என்னிடம் சொல்லாமல் போய்விட்டாரே என்று மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன்.

ஊருக்குப் போவது என்றால் அந்தக் காலத்தில் சாதாரணக் காரியம் இல்லை. வாழ்நாளில் ஒரு தரம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய், குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தனி மரியாதை. போய்வந்தவர்கள் வீடு வீடாக ஊர்ச்சாமான் கொடுப்பார்கள். கருப்பட்டி, குங்குமம், அப்பளம், ஒரு சுங்குடிச் சேலை. அத்தை ஐந்து வருஷம் கழித்துத் திரும்பிவந்தபோது அவரும் கொடுத்தார். தெங்கேராவிலிருந்த எங்கள் உறவுக்காரர் வீடுகள்வரை நான்தான் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த ஐந்து வருஷத்தின் நடுவில் அத்தை யாரையோ விட்டு எழுதிய கடிதம் வரும். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து எங்களுக்குப் படித்துக் காட்டுவார். நான் தபால்தலை சேர்ப்பவள். உறையைக் கேட்டால், "கிழிஞ்சு போச்சு" என்பார். எழுதப் படிக்கத் தெரியாமல் போன அத்தை, திரும்பி வந்தபோது எழுத்துக்கூட்டிப் பத்திரிகை படித்தார். ஊரில் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். எனக்கு அதிலும் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை நடையில் அத்தைக்கு வாய் ஓயாது. நாற்று பச்சைப்பசேலென்று நிற்கும் வயலைக் கண்டால், "நம்ம ஊர்ப்பக்கம் இப்படித்தான் பாப்பா, ஆனா தண்ணி இவ்வளவு கிடையாது. ஏத்தம் போட்டு இறைக்கணும்" என்பார். அங்கே இருக்கும் ஏரிக்கரை, ஆடிமாதக் காற்று, அய்யனாருக்கு வைத்த மண்குதிரைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூட வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே நடப்பார்கள். மிஸ்ஸிக்கு ஒரு வார்த்தையும் புரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்பார், நான் மலாயில் சொல்லுவேன். இந்தியாவைப் பார்த்தே இராத எங்களுக்கெல்லாம் அந்த வயலும் வரப்பும் அத்தையின் பேச்சில் புதுக்கோட்டைப் பக்கத்து ஊராகிவிடும். சந்தோஷமான நடை அது.

லயத்துக்குள் போனபிறகு அத்தை வேறு ஆள். நான் மேசை நாற்காலி போட்டுப் பாரத்தை விரித்தால் ஜனங்கள் பத்தடி தள்ளியே நிற்பார்கள். கைநாட்டு வைத்தால் இனிமேல் ஊருக்கே போகமுடியாதாம் என்று ஒருவர் சொல்லியிருப்பார். எல்லோரையும் கணக்கெடுத்துக் கப்பலேற்றப் போகிறார்களாம் என்று இன்னொருவர். அத்தை அவர்கள் நடுவே போய்க் குந்தி உட்கார்ந்து, வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, "நாம பால்மரம் வெட்டுன காடு இது. நம்ம ஆளுங்களப் பொதச்ச மண்ணு இது. இங்க இருக்க ஒரு காகிதம் கேக்குறான், எழுதிக் குடுத்துட்டுப் போவோமே. எதையும் மறைக்காம சொல்லுங்க, மறைச்சாத்தான் வம்பு" என்பார். அரை மணி நேரத்தில் என் முன்னால் வரிசை நிற்கும். அவர் மட்டும் தன் பாரத்தை எழுதிக்கொள்ளவில்லை. கேட்டால், "எழுதுறவ வீட்டுக்குள்ளயே இருக்கா, எனக்கென்ன அவசரம்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். அப்பா தன்னுடையதை முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

காலில் கட்டோடு அத்தை நொண்டாமல் நடந்துவந்த அந்த ஞாயிறு, நாங்கள் போன தோட்டத்தில் யாரும் அசைவதாக இல்லை. போன வாரம் ஏதோ வதந்தி பரவியிருந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கும் புதுக்கோட்டைப் பக்கம்தான் என்று தெரிந்ததும் அத்தையிடம் ஊர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். "நீ போயிருந்தப்ப, தாயி, ஏரிக்கரைல அந்த மேற்கால குதிரை விழுந்து கெடந்துச்சே, நிமித்தி வச்சுட்டாங்களா?" என்றார். அத்தை ஒரு கணம் தயங்கி, "நான் பாத்தப்பவும் விழுந்துதான் கெடந்துச்சு" என்றார். பெரியவருக்கு அது போதும், கண் கலங்கிவிட்டது. ஆனால் பாரம் என்றதும், "ஊருக்குப் போயிட்டு வந்தத எழுதினா வம்பாயிடும்ங்கறாங்களே, ரெண்டு மாசம் போயிட்டு வந்தேன்" என்று பின்வாங்கினார். பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள்.

எனக்கு அப்போது அந்த யோசனை வந்தது. எழுந்து நின்று சத்தமாக, "எங்க அத்தையும் ஊருக்குப் போயிட்டு வந்தவங்கதான். இப்ப உங்க எல்லாருக்கும் முன்னால அவங்க பாரத்தையே மொதல்ல எழுதறேன். ஒரு வம்பும் இல்லன்னு நீங்களே பாருங்க" என்றேன். அத்தை, "இப்ப எதுக்கு பாப்பா, அவங்களத எழுது" என்றார். மிஸ்ஸி எப்போதும் என் வேலையில் தலையிட மாட்டார். அன்றைக்கு நான் அத்தையைக் காட்டிப் பாரத்தை விரிப்பதைக் கண்டு எழுந்து வந்து, என் தோளில் கையை வைத்து, "நந்தி-லா, பாலேக் ருமா பாரு துலிஸ்" என்றார். அப்புறம் ஆகட்டும், வீட்டுக்குப் போய் எழுதிக்கொள் என்று அர்த்தம். அவர் பிடி இறுக்கமாக இருந்தது. நான் தோளை உதறிக்கொண்டேன். மறைக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நாம் மட்டும் வீட்டில் போய் ரகசியமாக எழுதுவதா என்று மலாயில் அவரிடமே கேட்டேன். நியாயம் என் பக்கம் இருப்பதாக நினைத்துவிட்டால் எனக்கு யார் சொல்வதும் ஏறாது; இப்போதும் அந்தக் குணம் முழுசாகப் போகவில்லை.

பெயர், பிறந்த ஊர், வந்த வருஷம் எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். இடையில் நாட்டைவிட்டுப் போயிருந்தால் எந்தக் காலம் என்ற கேள்வி வந்தது. "ஊருக்கு எப்பப் போனீங்க அத்தை?" என்று கேட்டேன், எனக்குத் தெரிந்தும். அத்தை லயத்து ஜனங்களைப் பார்த்தார். வெற்றிலை கொடுத்தவர்கள், ஊர் விசாரித்த பெரியவர், இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதான் உனக்குத் தெரியுமே" என்றார் அத்தை. நான் எழுதினேன். சண்டை முடிந்த மறுவருஷத்திலிருந்து ஐந்து வருஷம், இந்தியா. முத்து முத்தான கையெழுத்தில். ஊருக்குப் போய் வந்ததை நாட்டைவிட்டுப் போனதாக நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை; குடும்பம் இங்கே இருக்க, தங்கை ஊரைப் பார்த்துவிட்டு வந்தாள், அவ்வளவுதானே? மற்றவர்கள் சொன்ன இரண்டு மாதம் மூன்று மாதத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தோன்றவில்லை. அத்தை கையெழுத்துப் போட்டார். கைநாட்டு வைக்காமல் பெயரை எழுதியதைப் பார்த்துப் பெண்கள் அதிசயப்பட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த லயம் முழுதும் எழுதி முடித்தோம். திரும்பி நடக்கும்போது அத்தையும் மிஸ்ஸியும் எல்லோருக்கும் பின்னால் தங்கித் தங்கி, மலாயில் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். கால் வலியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் அதிகாரி முன்னால் போய், எழுதியதெல்லாம் உண்மை என்று அத்தை சத்தியமும் செய்துவிட்டு வந்தார்.

பெரியவருக்குக் கிடைத்தது. அந்த லயத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. அத்தைக்கு மட்டும் ஒரு மழைநாள் மத்தியானம் கடிதம் வந்தது: சட்டம் கேட்கும் அளவுக்கு அவர் இந்த நாட்டில் வசிக்கவில்லை, ஐந்து வருஷம் வெளியே இருந்துவிட்டார், ஆகவே இல்லை. நான்தான் படித்துச் சொன்னேன். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். "சரி விடு" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது அநியாயம், மனு எழுதுகிறேன், விடமாட்டேன் என்று குதித்தேன். சேதி தெரிந்து அன்று சாயங்காலமே மிஸ்ஸி குடையோடு வந்தார். உட்காரச் சொன்னதையும் கேட்காமல் நின்றபடியே அப்பாவிடம் மலாயில் பேசினார். இவள் எங்கேயும் போகவில்லை, இந்த நாட்டில்தான் இருந்தாள். அந்தக் குடியிருப்பில் சேர்த்த தேதியும் குணமாகி வெளியே விட்ட தேதியும் காகிதத்தில் இருக்கும். டாக்டரிடம் கேட்டு நான் வாங்கித் தருகிறேன், அதை அனுப்பினால் முடிந்தது என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. எந்தக் குடியிருப்பு என்று கேட்டேன். அத்தைதான் சொன்னார். பெருவியாதி. குஷ்ட நோய் கண்டவர்களைக் கோலாலம்பூருக்கு அப்பால் தனியாக ஒரு குடியிருப்பில் வைத்திருந்தார்கள். அங்கேதான் அத்தை ஐந்து வருஷம் இருந்திருக்கிறார். புதிதாக வந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக் குணமாகி வந்திருக்கிறார். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அங்கே. ஊர்க்கதைகளைச் சொன்னவள், பக்கத்துக் கட்டிலில் இருந்த புதுக்கோட்டைக்காரி. கடிதங்கள் அங்கிருந்து வந்தவை. நான் வீடு வீடாகக் கொண்டுபோன கருப்பட்டியும் குங்குமமும் மலாக்காக் கடைத்தெருவில் அப்பா வாங்கி, ஓலைப்பெட்டியில் மாற்றி வைத்தவை. நோய் போய்விட்டது, இடது பாதத்தில் உணர்ச்சி மட்டும் திரும்பவே இல்லை. அதைத்தான் மிஸ்ஸி அன்றைக்குப் படியில் நகத்தால் அழுத்திக் கண்டுகொண்டார். எங்கள் ஜனங்களிடையே யாராவது கொஞ்சகாலம் கண்ணில் படவில்லை என்றால் 'ஊருக்குப் போயிருக்காங்க' என்று சொல்லிவிடலாம். மேலே யாரும் கேட்க மாட்டார்கள். ஜெயிலுக்குப் போனவனும் ஊருக்குப் போனவன்தான். அப்பா அதைச் சொன்னார், அத்தை அதைக் காப்பாற்றினார், நான் அதை அரசாங்கப் பாரத்தில் எழுதிவிட்டேன்.

அப்பா மிஸ்ஸியின் பேச்சுக்கு இணங்கிவிட்டார். அத்தைதான் மறுத்தார். "வேணாம்ணே. அந்தக் காகிதம் எத்தனை கை மாறும்? ஆபிசுல இருக்கிற கிராணிங்கள்லாம் நம்ம ஆளுங்கதானே? அடுத்த மாசம் பாப்பாவுக்குச் சிரம்பான்லேருந்து பரிசம் போட வர்றாங்க. இந்த வீட்டுல இப்படி ஒரு நோவு இருந்துச்சுன்னு தெரிஞ்சா யாரு படியேறுவாங்க? பாப்பா எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்." மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். மனு எழுதுகிறேன் என்று குதித்தவள் நான்தானே? நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எதையும் மறைக்காதீர்கள் என்று வயல் கடந்து, வரப்புக் கடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. எனக்கென்று வந்தபோது மௌனமாக இருந்தேன். மிஸ்ஸி குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அதன்பிறகு என்னிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை, அதில் தப்பும் இல்லை.

கல்யாணம் ஆகி சிரம்பானுக்குப் போனேன். பிள்ளைகள் பிறந்தார்கள். பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததை ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன். அத்தை பிரஜை ஆகாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு மலாக்காவில் ஒரு மாணவர் விடுதியில் துணி வெளுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போய்ச் சேர்ந்தார், பிறகு மிஸ்ஸியும். அறுபதுகளின் கடைசியில் பிரஜை அல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. அத்தைக்கு அது கிடைக்கவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இதுக்காகவா? அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நானே போய் அந்தக் காகிதத்த வாங்கிட்டு வந்திருப்பேனே" என்றார். அவர் அப்படிப்பட்ட மனிதர் என்று பத்து வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு பேருமாக ஆபிசுக்குப் போனோம். குடியிருப்பிலிருந்து காகிதமும் வாங்கிக் காட்டினோம். அங்கிருந்தவர் பொறுமையாகப் படித்தார். ஆனால் பழைய பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்து, இவர் இந்தியாவில் இருந்ததாகச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாரே, எதை நம்புவது என்றார். என் கையெழுத்து கொஞ்சமும் மங்காமல் இருந்தது. மேலிடத்துக்கு எழுதலாம், நாளாகும் என்றார்கள். அத்தை காத்திருக்கத் தயாராக இல்லை. எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று கெஞ்சினேன். "சும்மா ஒக்காந்து சாப்பிட எனக்குத் தெரியாது பாப்பா. எத்தனை பேருக்கு ஊர்க்கதை சொல்லியிருக்கேன். ஒருதரம் நெசமாவே போய்ப் பாத்துட்டு வந்துடறேனே" என்றார். போனால் திரும்பி வர அனுமதி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறினார். என் தலையைத் தடவி, "அழாத, டீச்சர் அழலாமா?" என்றார். கூட்டத்தில் அவர் எந்தப் பக்கம் நின்று கையசைத்தார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. போன வருஷம் பேத்தி என்னை அந்தப் பக்கம் காரில் கூட்டிப்போனாள். வயல்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் கடை வரிசைகளும். கித்தாத் தோட்டம் எங்கே இருந்தது என்று என்னால் கைகாட்ட முடியவில்லை. நாங்கள் ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்த தூரத்தை அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே கால்மணி நேரத்தில் கடந்துவிட்டாள். நாங்கள் பாரம் எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பார்கள். அவர்களிடம் யாரும் இப்போது எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை. அந்த லயத்து ஜனங்களை வரிசையில் நிறுத்தியது அத்தை என்று அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

கப்பலேறிய அத்தை ஊர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. குடியிருப்பில் கற்றுக்கொண்ட எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். இருக்க ஒரு குடிசை கிடைத்துவிட்டது, பங்காளிகள் நல்லவர்கள், வெயில்தான் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: 'இங்கே யாருக்கும் என் பேர் வாயில் வரவில்லை பாப்பா. எல்லாரும் மலாக்காக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.' அத்தைக்கு அந்தப் பேரை வாங்கிக்கொடுக்கத்தான் நான் அன்றைக்கு லயத்தில் பேனாவைத் திறந்தேன்.